வேதாகமத்தின் ஆங்கிலமும் இக்காலத்து ஆங்கில வாசகரும்



ஆங்கில பாஷை பேசும் மக்களின் இல்லங்களில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்து, அவர்களுடைய ஞானஸ்நானத்திலும் விவாகத்திலும் அடக்க ஆராதனையிலும் ஓதப்பட்டு, அவர்களுடைய கவிகளுக்கும் மேடைப் பேச்சாளர்களுக்கும் சொல்வளம் வழங்கி வந்த நூல், 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த பைபிள் மொழிபெயர்ப்பாகும். ஜேம்ஸ் மன்னர் காலத்தில் எழுந்தமையால் அவர் பெயராலேயே வழங்கும் அந்த நூலை, இன்று லண்டனிலோ சிகாகோவிலோ வாழும் ஓரளவு படித்த ஒருவர் கையிலெடுத்து வாசித்தால், அதில் எவ்வளவை உள்ளபடி உணர்ந்துகொள்கிறார் என்பதும், அவரை உத்தேசித்தே பின்னால் தோன்றிய எளிய மொழிபெயர்ப்புகள் அவருக்கு எவ்வளவு தூரம் உதவின என்பதுமே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் ஒன்று உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய நூலில் வாசகன் இடறி நிற்கும் இடங்களைப் பற்றியே எல்லாரும் கவலைப்படுகிறார்கள். அவன் எங்கும் இடறாமல், எல்லாம் விளங்கிவிட்டதாக எண்ணிக்கொண்டு கடந்துபோகும் இடங்களே மெய்யாகக் கவலைக்குரியவை.

நூலின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். 1604-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் கூடிய மாநாட்டில், ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஜான் ரெயினால்ட்ஸ் என்னும் பண்டிதர் புதியதொரு மொழிபெயர்ப்பு வேண்டுமென்று விண்ணப்பிக்க, மன்னரும் அதற்கு இசைய, ஏறக்குறைய 47 அறிஞர்கள் ஆறு குழுக்களாகப் பிரிந்து வெஸ்ட்மின்ஸ்டரிலும் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அமர்ந்து உழைத்தார்கள். ஆயினும் அவர்கள் வெறுந்தாளில் எழுதத் தொடங்கியவர்கள் அல்லர். 1568-ஆம் ஆண்டில் பிஷப்புகள் வெளியிட்ட பைபிளை அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட விதி. அந்த நூலோ தனக்கு முற்பட்டவற்றை அடியொற்றியது. அவை யாவும் கடைசியில் வில்லியம் டிண்டேல் என்னும் ஒரு தனிமனிதரிடம் போய்ச் சேருகின்றன. தாய்நாட்டில் அநுமதி கிடைக்காமையால் கடல் கடந்து சென்று, 1526-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு, அதை ரகசியமாக இங்கிலாந்துக்குள் அனுப்பி, 1536-இல் பிரஸ்ஸல்ஸ் நகருக்கு அருகே கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டவர் அவர். ஏர் ஓட்டும் சிறுவனும் வேதத்தை அறியும்படி செய்வேன் என்று ஒரு பண்டிதரிடம் அவர் சூளுரைத்ததாகச் சொல்வார்கள். அந்தச் சிறுவனை மனத்தில் வைத்து அவர் அமைத்த வாக்கியங்களே 1611-ஆம் ஆண்டின் புதிய ஏற்பாட்டில் பெரும்பகுதியாக நிற்கின்றன.

ஆகவே அந்த மொழிபெயர்ப்பு வெளிவந்த அன்றே அதன் நடை அக்காலப் பேச்சைவிட இரண்டு தலைமுறை மூத்ததாக இருந்தது. வினைச்சொல்லின் இறுதியில் வரும் 'எத்' என்னும் விகுதி அப்பொழுதே மக்கள் வாயில் தேய்ந்து வந்தது. அதோடு, இன்று புத்தகக் கடையில் கிடைக்கும் பிரதி 1611-இல் அச்சான வடிவமும் அன்று. 1769-இல் ஆக்ஸ்போர்டில் பெஞ்சமின் பிளேனி என்பவர் எழுத்துக்கூட்டலையும் நிறுத்தக்குறிகளையும் சீர்செய்து வெளியிட்ட பதிப்பின் வழிவந்தது அது. எழுத்துக்கூட்டல் புதியதாகவும் சொல் பழையதாகவும் இருப்பதால், அந்த நூல் தன் வயதை வாசகனுக்குக் காட்டுவதில்லை.

அடியோடு வழக்கிறந்த சொற்கள் அதில் இல்லாமல் இல்லை. தும்மலைக் குறிக்கும் 'நீஸிங்', துடைப்பத்தைக் குறிக்கும் 'பீஸம்', அறிந்தான் என்று பொருள்படும் 'விஸ்ட்' முதலியவை இன்று ஆங்கிலேயருள்ளும் பலருக்கு எட்டாதவை. ஆனால் இவற்றால் பெருந்தீங்கு ஒன்றும் விளைவதில்லை. இத்தகைய சொல்லைக் கண்டவுடன் வாசகன் நின்றுவிடுகிறான். தனக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரிகிறது. அகராதியைப் புரட்டுகிறான், அல்லது விஷயமறிந்த ஒருவரைக் கேட்கிறான். ஆனால் நாள்தோறும் தானே வழங்கும் சொல் ஒன்று, நானூறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பொருளில் அங்கே அமர்ந்திருக்கும்போது அவனை எச்சரிப்பார் யாருமில்லை.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். தங்களுக்கு முன்னே மரித்துப்போன சகோதரர்களின் கதி என்னவாகுமோ என்று ஏங்கும் மக்களுக்குப் பவுல் ஆறுதல் சொல்கிறார்: கர்த்தர் வரும் நாளில் உயிரோடிருப்பவர்கள், மரித்தவர்களைப் பின்னே விட்டுவிட்டுத் தாங்கள் முந்திச் செல்லமாட்டார்கள் என்பது அவருடைய தாத்பரியம். இங்கே முந்திச் செல்லுதல் என்பதற்கு 1611-ஆம் ஆண்டினர் இட்ட சொல் 'பிரிவென்ட்'. லத்தீனில் முன்னே வருதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த அச்சொல் அக்காலத்தில் அதே பொருளிலும் வழங்கியது. இக்காலத்திலோ அதற்குத் தடுத்தல் என்பது ஒன்றே பொருள். ஆகையால் இன்றைய வாசகன், உயிரோடிருப்பவர்கள் மரித்தவர்களைத் தடுக்கமாட்டார்கள் என்று அந்த இடத்துக்குப் பொருள் கொள்கிறான். வாக்கியம் இலக்கணப்படி செவ்வையாக நிற்கிறது. பொருளும் ஒருவாறு பொருந்துகிறது. எனவே ஐயம் ஏதுமின்றி அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறான். துக்கத்தில் இருந்தவர்களுக்குப் பவுல் சொன்ன ஆறுதல் இன்னதென்று அவனுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

'லெட்' என்னும் சொல்லின் கதை இதைவிட விபரீதமானது. இடங்கொடுத்தல், அநுமதித்தல் என்று இன்று சிறு குழந்தையும் பொருள் சொல்லும் அச்சொல்லுக்குப் பழங்காலத்தில் தடுத்தல் என்றொரு பொருளும் இருந்தது. ரோமாபுரிக்கு வரப் பலமுறை எண்ணியும் இதுவரையில் தடைப்பட்டேன் என்று பவுல் எழுதும் இடத்தில், 1611-ஆம் ஆண்டு நூல் இந்தச் சொல்லையே இடுகிறது; அதே நூலின் வேறு எண்ணற்ற இடங்களில் அநுமதித்தல் என்ற பொருளிலும் அது வருகிறது. ஒன்றற்கொன்று நேர்மாறான இரு பொருள்கள் ஒரே நூலுக்குள் ஒரே வடிவத்தில் நிற்குமானால், வாசகன் எதைக்கொண்டு பிரித்தறிவான்? அந்தப் பழம்பொருள் இன்று சட்டபாஷை போன்ற சில இடங்களிலேயே எஞ்சியிருக்கிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் முகப்பு வாசகத்தில் தடை என்னும் பொருளில் அச்சொல் இன்றும் காணப்படுகிறது.

இன்னும் ஓர் இடம் சொல்ல வேண்டும். ஏரோதின் பிறந்தநாள் விருந்தில் நடனமாடிய பெண், தாயின் யோசனையைக் கேட்டு விரைந்து உள்ளே வந்து, யோவான்ஸ்நானனின் தலையை உடனே, இந்தக் கணமே தரவேண்டும் என்று கேட்கிறாள். அந்த அவசரமே காட்சியின் பயங்கரம். மன்னனுக்கு மனம் மாறச் சற்றும் அவகாசம் கொடுக்கலாகாது என்பது அவள் கருத்து. அந்த 'உடனே' என்பதற்கு 1611-ஆம் ஆண்டினர் அமைத்த தொடர் 'பை அண்ட் பை'. இன்றைய ஆங்கிலத்தில் அதற்குச் சிறிது காலம் கழித்து, மெல்ல மெல்ல என்று பொருள். ஒரு கொலையின் வேகம் முழுவதும் அந்த மூன்று அசைகளில் தணிந்துபோகிறது.

இவை போன்றவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். நடத்தையைக் குறித்த 'கான்வர்ஸேஷன்' இன்று வெறும் உரையாடலாகிவிட்டது. கவலைகொள்ளுதலைக் குறித்த 'கேர்ஃபுல்' இன்று எச்சரிக்கையாயிருத்தலாகிவிட்டது. மூட்டை முடிச்சுகளைக் குறித்த 'கேரியேஜஸ்' இன்று வண்டிகளாகிவிட்டது. தீமோத்தேயுவுக்கு ஊக்கமாயிரு என்று சொல்லும் இடத்தில் வரும் 'ஸ்டடி' என்ற சொல்லை ஆதாரமாகக் கொண்டு, புத்தகம் படிப்பதன் அவசியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர்கள் பலர். அமெரிக்க அறிஞர்கள் 1952-இல் முழுமையாக வெளியிட்ட திருத்திய மொழிபெயர்ப்பின் முன்னுரை, பொருள் கணிசமாக மாறிப்போன இத்தகைய சொற்கள் 300-க்கு மேற்பட்டவை என்று கணக்கிடுகிறது. மொழியறிஞர்கள் இவற்றைப் பொய்நண்பர்கள் என்று வழங்குவது மிகவும் பொருத்தம். முன்பின் அறிமுகமில்லாதவன் வழி தவறச் சொன்னால் நாம் நம்புவதில்லை, நண்பன் சொன்னால் நம்பிவிடுகிறோம்.

இவ்வளவு சொன்னபின், பழைய ஆங்கிலமே புதியதைவிடத் தெளிவாக இருக்கும் ஓர் அம்சத்தையும் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. ஒருமைக்கு 'தௌ', 'தீ' என்றும், பன்மைக்கு 'யீ', 'யூ' என்றும் அந்தப் பழைய பாஷை வேறுபடுத்தியது. இன்று எல்லாவற்றுக்கும் 'யூ' ஒன்றே. லூக்கா சுவிசேஷத்தின் 22-ஆம் அதிகாரத்தில், கடைசி இராப்போஜனத்தின்போது இயேசு பேதுருவைப் பார்த்துப் பேசுகிறார். சீமோனே என்று ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, சாத்தான் புடைக்க விரும்புவது பன்னிருவரையும் என்று பன்மையில் சொல்லி, ஆயினும் உனக்காக நான் வேண்டிக்கொண்டேன் என்று அடுத்த மூச்சில் ஒருமைக்குத் திரும்புகிறார். எல்லார்மேலும் வரப்போகும் சோதனைக்காக ஒருவனைத் தனியே எடுத்து உறுதிப்படுத்தும் அந்தப் பாசம், பன்மை ஒருமை என்னும் அந்தச் சிறு திருப்பத்தில்தான் இருக்கிறது. 'நீ', 'நீங்கள்' என்ற வேற்றுமையோடு பிறந்து வளர்ந்த நமக்குத் தமிழ் வேதாகமத்தில் இது தானே விளங்குகிறது. புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இரண்டும் 'யூ' ஆகிவிட, பேதுரு ஒருவரையே சாத்தான் கேட்டதுபோல் ஆகிவிடுகிறது. அண்மைக்காலத்தில் சிலர் இதை உணர்ந்து, உங்கள் எல்லாரையும் என்று பொருள்படும்படி கூடுதலாக ஒரு சொல்லைப் பெய்திருக்கிறார்கள். அது நல்ல காரியம். மற்றொரு விசித்திரத்தையும் இங்கே குறிப்பிடுகிறேன். நெருங்கியவர்களையும் தாழ்ந்தவர்களையும் நோக்கி வழங்கிய அந்த 'தௌ', பேச்சில் மறைந்து ஜெபத்தில் மட்டும் நிலைத்தமையால், கடவுளுக்கே உரிய மரியாதைச் சொல் என்று பிற்காலத்தார் கருதலானார்கள். 1952-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் கடவுளை விளிக்கும் இடங்களில் மட்டும் அதை வைத்துக்கொண்டது. 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேதான் அது கைவிடப்பட்டது.

பழைய சொற்களை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் நம் காலத்தில் தோன்றியதன்று. அகராதி செய்த நோவா வெப்ஸ்டர் 1833-லேயே அமெரிக்காவில் ஒரு திருத்தம் வெளியிட்டார். இங்கிலாந்தில் பெருமுயற்சியோடு 1881-லும் 1885-லும் வெளிவந்த திருத்திய பதிப்பு, மூலபாடத்தைச் சீர்ப்படுத்துவதில் பெரும்பணி செய்தது. ஆனால் கூடியவரையில் பழைய மொழிபெயர்ப்புகளின் சொற்களுக்குள்ளேயே நின்று திருத்த வேண்டும் என்ற விதி அதற்கு இருந்தமையால், பாஷையளவில் வாசகனுக்குச் சுமை குறையவில்லை.

மனப்பான்மை மாறுவதற்கு ஒரு காரணம் எகிப்தின் மணலிலிருந்து கிடைத்தது. அங்கே தோண்டியெடுக்கப்பட்ட பாப்பிரஸ் ஓலைகளில், ஊர் ஜனங்கள் எழுதிய கடிதங்களும் ரசீதுகளும் விண்ணப்பங்களும் இருந்தன. அவற்றின் கிரேக்கமும் புதிய ஏற்பாட்டின் கிரேக்கமும் ஒரே பேச்சுவழக்கைச் சேர்ந்தவை என்பதை அடால்ஃப் டைஸ்மான் என்னும் ஜெர்மானிய அறிஞர் விரிவாக நிலைநாட்டினார். மூலநூல் கடைத்தெருவின் பாஷையில் எழுதப்பட்டிருக்க, மொழிபெயர்ப்பு மட்டும் ஆராதனை மண்டபத்தின் கம்பீரத்தோடு ஒலிப்பது முறைதானா என்ற கேள்வி அப்பொழுது எழுந்தது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு இலக்கான தென்கிழக்கு லண்டனில் குருவாயிருந்த ஜே. பி. பிலிப்ஸ், தம் சபையின் இளைஞர்களுக்குப் பவுலின் நிருபங்கள் விளங்காததைக் கண்டு, தாமே அவற்றைத் தற்கால ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். 1947-இல் அது நூலாக வெளிவந்தபோது எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் அதற்கு முன்னுரை வழங்கினார். கடவுள் ஒரு குடியானவப் பெண்ணின் குழந்தையாக வந்தார் என்பதை ஏற்பவர்கள், அவரைப் பற்றிய நூல் சாமானியரின் பாஷையில் இருப்பதைக் கண்டு கூசலாகாது என்பது அதில் லூயிஸ் காட்டும் நியாயம். இதற்கு மறுமொழி சொல்வது எளிதென்று நான் நினைக்கவில்லை.

பின்னர் மொழிபெயர்ப்புகள் பெருகின. 1949-இல் முழுமையாக வெளிவந்த ஒன்று, ஆயிரம் சொற்களுக்குள்ளேயே பைபிள் முழுவதையும் அடக்கிக் காட்டியது. 1966-இல் ராபர்ட் பிராச்சர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை அமெரிக்க பைபிள் சங்கம் ஆனி வலோட்டன் என்பவரின் கோட்டோவியங்களோடு மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களும் படிக்கத்தக்க எளிமை அதன் நோக்கம். சொல்லுக்குச் சொல் ஒத்திருப்பதைக் காட்டிலும், முதலில் கேட்டவர்களிடம் உண்டான உணர்வு இன்று கேட்பவர்களிடமும் உண்டாவதே முக்கியம் என்று மொழியறிஞர் யூஜீன் நைடா வகுத்த கொள்கையே இதற்கு அடிநிலை. இந்த நெறியை நான் மதிக்கிறேன். ஆயினும், விளங்கவைக்கும் ஆர்வத்தில் மூலநூலாசிரியன் வேண்டுமென்றே வைத்த ஒன்றை எடுத்துவிடும் அபாயம் இதில் இருக்கிறது.

கர்மேல் மலைமேல் எலியா ஜனங்களைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கர்த்தரையா பாகாலையா, யாரைத் தொழுவது என்று தீர்மானிக்காமல் நிற்கும் மக்களை நோக்கி அவர் கேட்கும்போது, எபிரேயத்தில் வரும் வினை நொண்டுதல் என்று பொருள்படுவது. 1611-ஆம் ஆண்டினர் அதற்கு 'ஹால்ட்' என்று எழுதினார்கள். அக்காலத்தில் அச்சொல்லுக்கு நொண்டுதல் என்ற பொருள் வழக்கிலிருந்தது. இன்றைய வாசகனுக்கோ அது ராணுவத்தில் நில் என்று இடும் ஆணை. ஆகவே மக்கள் நடுவழியில் நின்றுவிட்டதாக அவன் எண்ணுகிறான். பிற்காலத்தில் பரவலாக வழங்கும் ஒரு மொழிபெயர்ப்பு இதை மாற்றித் தடுமாறுதல், ஊசலாடுதல் என்னும் பொருளுடைய சொல்லைப் போட்டது. கருத்து இப்பொழுது பளிங்குபோல் தெளிவு. குறை சொல்ல ஒன்றுமில்லை போல் தோன்றுகிறது. ஆனால் ஐந்து வசனங்கள் தள்ளி, காலைமுதல் மத்தியானம்வரை கூவியும் பதில் வராமல், பாகாலின் பூசாரிகள் பலிபீடத்தைச் சுற்றிவரும்போது, எபிரேய ஆசிரியர் அதே வினையை மறுபடியும் கையாள்கிறார். மக்கள் நொண்டினார்கள், அவர்கள் நம்பிய பூசாரிகளும் நொண்டினார்கள். இரு தெய்வங்களுக்கு நடுவே காலை மாற்றி மாற்றி வைத்தவர்களின் நடை, பொய்த்தெய்வத்தின் முன்னே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது என்பது கதையாசிரியர் சொல்லாமற் சொல்லும் கண்டனம். முதலிடத்தில் தடுமாறினார்கள் என்றும் இரண்டாமிடத்தில் ஆடினார்கள் என்றும் போட்டால், ஒவ்வொரு வாக்கியமும் விளங்குகிறது, அக்கண்டனம் மறைந்துவிடுகிறது. 1952-ஆம் ஆண்டினர் இரண்டிடத்திலும் நொண்டுதலையே வைத்தார்கள். சொல் எளியது, படமும் பழுதுபடவில்லை. நம் தமிழ் வேதாகமத்திலும் முதலிடத்தில் 'குந்திக்குந்தி' நடப்பதாகவே இருக்கிறது.

எல்லா உருவகங்களையும் அப்படியே காக்க வேண்டும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. இரக்கத்தின் இருப்பிடம் குடல் என்பது புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தின் வழக்கு; அதை 1611-ஆம் ஆண்டினர் 'பவல்ஸ்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்தனர். பெற்ற வயிறு என்றும் வயிறு பற்றி எரிகிறது என்றும் பேசும் தமிழனுக்கு அது அந்நியமாகப் படாது. இன்றைய ஆங்கிலேயனுக்கோ அது வைத்தியசாலையை நினைவூட்டும் சொல். இரக்கத்தின் அருகே அதைக் கேட்டால் அவன் மனம் கூசுகிறது. அங்கே இருதயம் என்று மாற்றுவதால் ஆசிரியர் கருதியது ஒன்றும் அழிவதில்லை. மொழியின் தற்செயலான வழக்கை மாற்றலாம்; ஆசிரியன் யோசித்து அமைத்த அமைப்பில் கை வைக்கலாகாது.

அப்படியே, பாஷையால் வந்த கடினமும் விஷயத்தால் வந்த கடினமும் வேறு வேறு. எபேசியர் நிருபத்தின் தொடக்கத்தில் மூன்றாம் வசனத்திலிருந்து பதினான்காம் வசனம் முடிய கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். அதைச் சிறு சிறு வாக்கியங்களாக வெட்டினால் மூச்சு வாங்குவது எளிது. ஆனால் எதற்கு எது காரணம், எதிலிருந்து எது விளைந்தது என்னும் பிணைப்புகள் அறுந்துபோகின்றன. ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் கிறிஸ்துவின் மரணத்தைக் குறித்து வரும் 'ஹிலாஸ்டேரியான்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு, பழைய நூல் 'புரோபிஷியேஷன்' என்று எழுதியது. கோபம் தணித்தல் என்பது அதன் பொருள். வேத அறிஞர் சி. எச். டாட் முதலியோர் அதை மறுத்துப் பாவத்தைத் துடைத்தல் என்னும் பொருளே பொருந்தும் என்றார்கள்; லியன் மாரிஸ் அவர்களை எதிர்த்துப் பழைய பொருளை நிலைநாட்ட முயன்றார். இரு கட்சியாரும் வாதிட்டது கடவுளின் நீதியைப் பற்றி. மனிதரின் பாவங்கள் மன்னிக்கப்படுவதற்குரிய வழி என்று எளிய மொழிபெயர்ப்பு ஒன்று எழுதிவிட்டால், எல்லாருக்கும் விளங்குகிறது; ஆனால் வாதமே நடந்ததாகத் தெரியாமல் போகிறது. இத்தகைய இடத்தில் வாசகனுக்கு வேண்டியது வியாக்கியானம். அதை மொழிபெயர்ப்பின் தலையில் ஏற்றினால் பாரம் தாங்காது.

பக்க ஓரத்தில் குறிப்பு எழுதிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தனியே உட்கார்ந்து படிப்பவனுக்கு அது போதும். ஆனால் அந்த நூல் பெரும்பாலும் காதால் கேட்கப்படுவது. ஆலயங்களில் வாசிப்பதற்கென்று ஏற்பட்டது என 1611-ஆம் ஆண்டுப் பதிப்பின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பின்வரிசையில் அமர்ந்து கேட்கும் முதியவள் ஒருத்திக்கு ஓரக்குறிப்பு கேட்காது. 'பிரிவென்ட்' என்று குருவானவர் வாசித்தால், தடுத்தல் என்ற பொருளோடுதான் அது அவள் காதில் விழும். பழைய ஓசையின் அழகை நான் உணராதவன் அல்லன்; 1962-இல் கவிஞர் டி. எஸ். எலியட் 'புதிய ஆங்கில பைபிள்' என்னும் மொழிபெயர்ப்பின் நடையைக் கடுமையாகக் கண்டித்தபோது, அதில் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். தாழ்ந்த நடை புனித விஷயத்தைத் தாழ்த்தத்தான் செய்கிறது. ஆனால் பொருள் மாறி ஒலிக்கும் அழகு, இறந்தவரைப் பற்றித் துக்கப்படும் ஒருத்திக்கு என்ன உதவி செய்யும்?

பழைய மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்தையும் மாற்றலாகாது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ஆங்கில நாடுகளில் இன்றும் பலர். அவர்கள் பக்தியில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் படிக்க வேண்டியது அந்த நூலின் சொந்த முன்னுரை. பிற்காலத்தில் குளோஸ்டர் நகரின் பிஷப்பாகிய மைல்ஸ் ஸ்மித், மொழிபெயர்ப்பாளர் அனைவருக்காகவும் எழுதிய நீண்ட முன்னுரை 1611-இல் நூலின் தொடக்கத்தில் அச்சாயிற்று. முன்னோர் செய்த நல்ல மொழிபெயர்ப்பை மேலும் நன்றாக்குவதில் குற்றமில்லை என்றும், வேதம் கல்லாதவர்க்கும் விளங்க வேண்டும் என்பதே தங்கள் ஆசை என்றும், எபிரேயச் சொற்களில் ஐயமுள்ள இடங்களை ஓரத்தில் ஒளிக்காமல் குறித்திருப்பதாகவும் அவர் அதில் விளக்குகிறார். மன்னருக்குச் செய்த சமர்ப்பணம் பல பிரதிகளில் இன்றும் அச்சாகிறது. இந்த முன்னுரையோ பெரும்பாலான பிரதிகளில் இடம்பெறுவதில்லை. பழைய மொழிபெயர்ப்பை அச்சிட்டு விற்கும் பதிப்பகத்தார் அந்தச் சில பக்கங்களை மீண்டும் நூலின் முன்னே சேர்த்து, பொருள் மாறிய அந்த 300-க்கு மேற்பட்ட சொற்களுக்கு ஓர் அரும்பதவுரையை நூலின் பின்னே கட்டித் தருவார்களானால், நூலின் ஓர் எழுத்தையும் தொடாமலே வாசகனுக்குப் பேருதவி செய்தவர்கள் ஆவார்கள்.